வராதவரை எண்ணுவது எப்படி?

மருத்துவமனைக்கு வராமல் போனவர்களைப் பற்றி ஆராயக் கிளம்பும் ஒருவர், அதற்கான ஆட்களை மருத்துவமனை வரிசையிலேயே தேடினால், ஆய்வு தொடங்கும் முன்பே கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனால் மறுக்கமாட்டார்கள். சில வாரங்களில் சில நூறு பேரை முடித்துவிடலாம். "போன வருஷம் ஏதாவது ஒரு மாதம் மாத்திரை வாங்க வராமல் இருந்தீர்களா, ஏன்?" என்று கேட்டால் பதிலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவர் இடையில் விட்டுப்போய்த் திரும்பி வந்தவர். திரும்பியே வராதவர் அந்த வரிசையில் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், பள்ளிக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு ஆய்வறிக்கை எழுதுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. தொடர்சிகிச்சை தவறிப்போவதைப் பற்றிய ஆய்வில் கடினமான வேலை கேள்வி தயாரிப்பதிலோ கணக்குப் போடுவதிலோ இல்லை. யாரைப் பற்றிய ஆய்வோ அவரை ஆய்வுக்குள் கொண்டுவருவதில் இருக்கிறது. அதில் தவறினால் விடையின் துல்லியம் கொஞ்சம் குறைவதோடு போகாது. விடை தவறான திசையைக் காட்டும். பிறகு அந்தத் திசையில் அரசு பணத்தையும் ஆட்களையும் அனுப்பும்.

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் அது. திருநெல்வேலி–தென்காசி சாலையில் காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற பாவூர்சத்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆண்களில் பலர் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் கேரளத்துக்குப் போகிறார்கள். செங்கோட்டையையும் புளியரையையும் தாண்டினால் அடுத்த மாநிலம். இப்படிப்பட்ட ஊரில் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ காசநோய்க்கோ மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்த ஒருவரின் பெயருக்கு நேரே திடீரென்று கட்டங்கள் காலியாகத் தொடங்கினால், பின்னால் எத்தனையோ கதைகள் இருக்கலாம். அவர் இறந்திருக்கலாம். கொல்லத்திலோ எர்ணாகுளத்திலோ வேலைக்குப் போய், அங்கே மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கலாம். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம். உடம்பு நன்றாக இருக்கிறது, இனி எதற்கு என்று நிறுத்தியிருக்கலாம். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கலாம். அரை நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி குறையும், கூலி குறையும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். பதிவேட்டில் இவர்கள் எல்லோரும் ஒரே காலிக் கட்டம். ஒருவருக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை. ஒருவருக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. ஒருவருக்கு இன்றே யாராவது போயாக வேண்டும்.

வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு இந்தியாவின் காசநோய்ப் புள்ளிவிவரமே சான்று. சிகிச்சைக்குப் பதிவானவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குமேல் வெற்றிகரமாக முடிக்கிறார்கள் என்று திட்ட அறிக்கைகள் நெடுங்காலம் பெருமையோடு சொல்லிவந்தன. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது பதிவானவர்களிலிருந்து தொடங்கியது. ராம்நாத் சுப்பராமன் தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட பகுப்பாய்வு, நோயுள்ள எல்லோரிடமிருந்தும் எண்ணத் தொடங்கியது. 2013இல் இந்தியாவில் மதிப்பிடப்பட்ட 27 லட்சம் காசநோயாளிகளில் அரசுச் சேவையின் பரிசோதனை வரை சென்றவர்கள் 72 சதவீதம். நோய் கண்டறியப்பட்டவர்கள் 60 சதவீதம். சிகிச்சைக்குப் பதிவானவர்கள் 53 சதவீதம். முடித்தவர்கள் 45 சதவீதம். முடித்தபின் ஓராண்டு நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். 53 பேரில் 45 பேர் முடித்தார்கள் என்றால் எண்பத்தைந்து சதவீத வெற்றி. 100 பேரில் 39 பேர் என்றால் அது வேறு நாட்டின் கதைபோல இருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டின், ஒரே ஆண்டின், ஒரே நோயாளிகளின் கணக்கு. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம், எங்கே முடிக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: நோய் உறுதியான பிறகும் சிகிச்சைக்குப் பதிவாகாமல் மொத்த நோயாளிகளில் 7 சதவீதம் பேர் உதிர்ந்திருக்கிறார்கள். சளிப் பரிசோதனை அறையின் பதிவேட்டில் இருக்கும் பெயர், சிகிச்சைப் பதிவேட்டில் இருக்காது. இவர்களைப் பற்றி ஆராய வேண்டுமானால் சிகிச்சைப் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. ஆய்வகப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையில் காசநோய் ஆராய்ச்சியாளர் பீனா தாமஸும் சுப்பராமனும் இன்னும் சிலரும் அப்படித்தான் ஓர் ஆய்வைச் செய்து 2018இல் வெளியிட்டார்கள்.

"இவ்வளவு பாடுபட்டுத் தேடுவானேன்? அறியாமை, அலட்சியம், இரண்டே காரணம்தான், விழிப்புணர்வு முகாம் நடத்துங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவர்களிடையே இந்தக் கருத்து அதிகம். அவர்கள் பார்ப்பது வந்தவர்களைத்தானே. இதற்கான பதில் 1963லேயே கிடைத்துவிட்டது. பெங்களூருவின் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு அது. அங்கே நோயாளிகளை ஆஸ்பத்திரியில் தேடவில்லை. ஊர் ஊராகக் கணக்கெடுத்து நோய் கண்டவர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசினார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் 95 சதவீதம் பேர் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருந்தார்கள். 72 சதவீதம் பேர் அதை நினைத்துக் கவலைப்பட்டார்கள். பாதிக்குமேல், 52 சதவீதம் பேர், வைத்தியம் தேடிப் போயும் இருந்தார்கள். போனவர்களில் பலருக்கு அரசு மருத்துவமனையில் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியை யாரும் சோதிக்கவில்லை. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரவில்லை என்று மேலிருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், நோயாளி வந்திருந்தார். அவரைத் தவறவிட்டது மருத்துவமனை. ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்து எத்தனை ஆய்வு செய்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. பொது மருத்துவமனைகளிலேயே காசநோய்ச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும் என்ற கொள்கைக்கு அந்த ஆய்வு வலுச்சேர்த்தது. விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கும் ஆய்வகத்துக்கும் இடையில் பணத்தை எதில் போடுவது என்ற கேள்வியில், யாரைக் கேட்டோம் என்பதே விடையைத் தீர்மானித்தது.

தமிழ்நாட்டில் இந்த மரபு இன்னும் பழையது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. காசநோயாளி சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாவாரா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதுமா என்பது அதன் முதல் கேள்வி. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தவர்களில் சுமார் 86 சதவீதமும் சானடோரியத்திலிருந்தவர்களில் சுமார் 92 சதவீதமும் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத வேலை எல்லாம் இருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களை மூட வழிவகுத்தது. ஆனால் வீட்டுச் சிகிச்சை வென்றதில் மாத்திரைக்கு மட்டும் பங்கில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் வீடுகளுக்குப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். வராதவர் ஏன் வரவில்லை என்று உடனே தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. ஆய்வை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958லேயே தனிக் கட்டுரை எழுதினார். நாடு அந்த ஆய்விலிருந்து "படுக்கை வேண்டாம்" என்ற பாதியை எடுத்துக்கொண்டது. "வராவிட்டால் தேடிப் போ" என்ற மீதியை விட்டுவிட்டது என்பது என் கணிப்பு. 1992இல் தேசியக் காசநோய்த் திட்டத்தை மீளாய்வு செய்தபோது சிகிச்சையை முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, தேடித்தான் ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்டாலும், எல்லோரையும் எப்படித் தேடுவது? இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சோர்ந்துபோகின்றன. முந்நூறு பேர் விட்டுப்போயிருந்தால் முந்நூறு பேருக்கும் ஃபோன் செய்கிறார்கள். நூறு பேர் எடுக்கிறார்கள். அந்த நூறு பேரைக் கொண்டு முந்நூறு பேருக்கும் முடிவு சொல்கிறார்கள். புள்ளியியல் இதற்கு 1946லேயே நல்ல மாற்று வழி சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையைச் சேர்ந்த மோரிஸ் ஹான்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் தபாலில் அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதில் போடாதவர்களை என்ன செய்வது என்று யோசித்தார்கள். பதில் போடாத எல்லோரையும் அரைகுறையாகத் துரத்துவதைவிட, அவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கிப்போட்டு எடுத்து, அந்தச் சிலரை நேரில் போய்க் கண்டுபிடிக்கும் வரை விடாமல் தேடு என்றார்கள். கிடைத்த ஒவ்வொருவரும் கிடைக்காத பலருக்குப் பிரதிநிதி.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சுகாதார நிலையத்தின் பட்டியலில் 1,000 இரத்த அழுத்தக்காரர்கள். 700 பேர் ஒழுங்காக வருகிறார்கள். அவர்களில் 490 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. 300 பேர் வருவதில்லை. ஃபோனில் எளிதாகக் கிடைத்த 100 பேரை வரவழைத்துச் சோதித்ததில் பாதிப் பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது. அதே பாதியை 300க்கும் வைத்தால் 150 பேர். மொத்தம் 640, அதாவது 64 சதவீதம். இப்போது இன்னொரு வழி. 300 பேரில் குலுக்கி எடுத்த 60 பேரை மட்டும் எப்படியாவது கண்டுபிடிக்கிறோம். அவர்களில் 12 பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிகிறது. ஐந்தில் ஒன்று. 300க்கு 60 பேர். மொத்தம் 550, அதாவது 55 சதவீதம். நூறு பேரைச் சோதித்த ஆய்வைவிட அறுபது பேரைச் சோதித்த ஆய்வு உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஃபோனை எடுத்தவர்கள் யார் என்று யோசித்தால் காரணம் புரியும். சொந்த ஃபோன் உள்ளவர், எண்ணை மாற்றாதவர், ஊரிலேயே இருப்பவர், வரச் சொன்னால் வரக்கூடிய உடல்நிலையில் இருப்பவர். இவர்கள் வராதவர்களிலேயே வந்தவர்களைப் போன்றவர்கள். மாதிரியின் எண்ணிக்கையைப் பெருக்கினால் இந்தக் கோணல் நிமிராது. தவறான விடையை இன்னும் உறுதியான குரலில் சொல்ல வைக்கும், அவ்வளவே.

கற்பனைக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு உகாண்டாவின் அனுபவம் இருக்கிறது. அங்குள்ள எச்ஐவி சிகிச்சை மையம் ஒன்றில் 3,628 பேரில் 829 பேர் தொடர்பிலிருந்து விடுபட்டுப்போனார்கள். எல்வின் கெங்கும் உகாண்டாவைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் அவர்களில் 128 பேரைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராக ஆள் அனுப்பித் தேடினார்கள். 111 பேரின் நிலை தெரிந்தது. 32 பேர் இறந்திருந்தார்கள். மையத்தின் ஏடுகளில் அந்த இறப்புகள் இல்லை. எனவே மையம் தன் இறப்பு விகிதத்தை உண்மையைவிட மிகக் குறைவாக எண்ணிக்கொண்டிருந்தது. மறுபக்கம், உயிரோடு இருந்தவர்களில் கணிசமானவர்கள் வேறொரு மையத்தில் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை "விட்டுப்போனவர்கள்" என்று எழுதியதும் தவறு. ஒரே காலிக் கட்டத்துக்குள் மரணமும் இருந்தது, வேறு ஊரில் தொடர்ந்த நல்ல சிகிச்சையும் இருந்தது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும் தென்காசிப் பகுதிக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். ஒரு மாநிலத்தில் விடுபட்டவர் அடுத்த மாநிலத்தில் புது நோயாளி.

இன்றைய மறுப்பு வேறு மாதிரி வரும். எல்லாம் கணினியில் இருக்கிறதே, இனி ஆள் எதற்கு? காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய் என்ற இணையத் தளம் இருக்கிறது. பெயர், எண், மருந்து எல்லாம் அதில் ஏறுகின்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆய்வாளருக்குத் தேவையான தொடக்கப் பட்டியல் அதிலிருந்து கிடைக்கும். ஆனால் தளம் சொல்வது எந்தத் தேதியில் வரவில்லை என்பதை. ஏன் என்பதும், இப்போது எப்படி இருக்கிறார் என்பதும் அதில் கிடையாது. அதில் ஏறியிருக்கும் ஃபோன் எண் பல வீடுகளில் கணவனுடையது, மகனுடையது, சில சமயம் பக்கத்து வீட்டாருடையது. பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்ற செய்தி கொல்லத்தில் இருக்கும் மகனின் ஃபோனுக்குப் போனால், அது நினைவூட்டலா, அம்பலமா என்று யோசிக்க வேண்டும். முகவரிகளும் அப்படித்தான். அரசுப் பதிவேட்டில் தெருப்பெயரும் கதவிலக்கமும் இருக்கும்; ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது பட்டப்பெயரும் கோயிலுக்கு எத்தனையாவது வீடு என்பதும். தேடும் வேலையைத் தொலைவிலிருந்து செய்ய முடியாததற்கு இந்தச் சாதாரண விஷயங்களே காரணம்.

அப்படியானால் ஊர்க்காரர்கள் வழியாகவே தேடலாமே? தேடலாம், அதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் வகுத்த வழியில், ஆய்வில் சேர்ந்த ஒருவருக்குச் சில சீட்டுகள் கொடுக்கப்படும். அவர் தன்னைப் போன்ற சிலருக்கு அவற்றைத் தருவார். அவர்கள் விரும்பினால் தாங்களாக வருவார்கள். யாருடைய பெயரும் யாரிடமும் முன்கூட்டிப் போவதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒய்ஆர்ஜி கேர் நிறுவனம் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியாவின் பல நகரங்களில், ஊசிவழி போதைப்பொருள் எடுப்பவர்களையும் தன்பாலுறவு கொள்ளும் ஆண்களையும் இம்முறையில் ஆய்வுக்குள் கொண்டுவந்தது. எந்தப் பட்டியலிலும் பெயரைக் கொடுக்காத ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஆனால் கீழப்பாவூரின் இரத்த அழுத்தக்காரருக்கு இது முழுமையான வழியாகாது. போதைப்பொருள் எடுப்பவருக்கு அதேபோன்ற நாலு பேரைத் தெரியும். மாத்திரையை நிறுத்தியவருக்கு மாத்திரையை நிறுத்திய இன்னொருவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தவிர, படுக்கையில் கிடப்பவரையும் யாரோடும் பேசாதவரையும் எந்தச் சங்கிலியும் எட்டாது. பீடிக்கடை வழியாகப் போகலாம் என்று அடுத்து தோன்றும். இலையும் தூளும் வாங்கவும் சுற்றிய பீடியைக் கொடுக்கவும் பெண்கள் தவறாமல் வரும் இடம் அது. ஆஸ்பத்திரிக்கு வராதவர்கூட அங்கே வருவார். வசதியான இடம்தான், ஆபத்தான இடமும்கூட. பீடியைத் தரம் பார்த்துக் கழித்துப்போடும் அதிகாரம் உள்ள கடைக் கணக்கர் முன்னால் "ஆய்வில் சேர்கிறீர்களா" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு இருக்கும்? கணக்கர் நல்லவராகவே இருந்தாலும், யார் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடை வாசலில் பொதுவான செய்தியைச் சொல்லலாம். ஒப்புதல் வாங்குவது வேறு இடத்தில், வேறு ஆள் முன்னிலையில் நடக்க வேண்டும்.

இது மிகக் கனமான எதிர்ப்புக்கு நம்மைக் கொண்டுவருகிறது. வராதவருக்கு வராமலிருக்க உரிமை இல்லையா? ஒருவர் சிகிச்சையை யோசித்தே நிறுத்தியிருக்கலாம். அவரைத் தேடி வீட்டு வாசலில் போய் நிற்பது அன்பா, அத்துமீறலா? இந்த எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆராய்ச்சியின் பெயரில் ஏழைகளின் வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் போய் நிற்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பணக்காரர் வீட்டில் அழைப்புமணியை அடித்துக் காத்திருக்கும் அதே ஆய்வாளர், குடிசைக்குள் குனிந்து நுழைந்துவிடுவார். சுகாதாரத் துறை என்று எழுதிய ஜீப் வாசலில் நின்றால் தெருவே யூகிக்கும்; கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அந்த யூகத்துக்கு விலை அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வில் சேர மறுக்கவும், இடையில் விலகவும் உள்ள உரிமையைத் தெளிவாகச் சொல்கின்றன. போக்குவரத்துச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டலாம், ஆசைகாட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் மறுக்கும் உரிமை கேட்கப்பட்டவருக்கே உண்டு. கேட்கப்படாமலே விடுபட்டவர் எதையும் மறுக்கவில்லை. அவர் கணக்கில் இல்லை. பீடிக்கூலியை இழக்க முடியாமல் வராமலிருப்பவரின் மௌனத்தை அவருடைய சுதந்திரமான முடிவாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதியானது, அவ்வளவுதான். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒருமுறை, மரியாதையாக, தனியாக, அவருக்குத் தோதான நேரத்தில் கேட்பது. வேண்டாம் என்றால் "மறுத்தார்" என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவது. அப்படி எழுதப்பட்ட மறுப்பும் ஆய்வுக்குத் தரவுதான்.

தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் உண்மை கிடைத்துவிடுமா என்று கேட்பவரும் இருக்கிறார். வாசலில் நிற்பவர் ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்ததும், "பஸ் கிடைக்கல", "வேலை இருந்தது" என்ற மரியாதையான பதில்கள் வரும். செவிலியர் எல்லோர் முன்னிலையிலும் திட்டினார் என்ற பதில் வராது. இதைச் சமாளிக்க ஆய்வாளர்கள் காரணத்தை நேரடியாகக் கேட்பதைக் குறைக்கலாம். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாள் எது, யாரோடு போனீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், அன்று எவ்வளவு செலவு, மாத்திரை தீர்ந்த பிறகு அடுத்து என்ன செய்தீர்கள் என்று நடந்ததை வரிசையாகக் கேட்டால், காரணம் தானாக வெளிவரும். கேட்பவர் சிகிச்சை தரும் நிலையத்தின் ஊழியராக இல்லாமல் இருப்பதும் உதவும். இன்னொரு சிக்கலும் உண்டு: ஒருவரைத் தேடிப் போய்ப் பேசினாலே அவர் மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடலாம். ஆய்வு எதை அளக்க வந்ததோ அதையே மாற்றிவிட்டது என்று புள்ளியியலாளர் முகம் சுளிப்பார். அளக்க வேண்டியதைச் சந்தித்த அன்றே அளந்துவிட்டு, பிறகு வந்ததைத் தனியாக எழுதிக்கொள்வதுதான் வழி. 200ஐத் தாண்டிய இரத்த அழுத்தத்தோடு ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு, ஆய்வின் தூய்மைக்காக எதுவும் சொல்லாமல் வருவது அறிவியல் ஆகாது.

வீட்டிலிருந்து தொடங்கினால் என்ன தெரியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று இருக்கிறது. 2020இல் மாநிலம் முழுவதும் வீடு வீடாக நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. எந்த ஆஸ்பத்திரிப் பதிவேடும் இவ்வளவு மோசமான எண்ணைக் காட்டியிருக்காது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோனது. இப்போது ஊர் ஊராகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைவிட ஆய்வுக்கு நல்ல வழிகாட்டி கிடையாது. ஆயினும் பகலில் வாசலுக்குப் போகும் திட்டம் பகலில் வீட்டில் இருப்பவர்களைத்தான் பார்க்கும். கொத்தனாரையும் கேரளத்துக் கடைப்பையனையும் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்கு வரும்போதுதான் பிடிக்க முடியும். ஆய்வுக் காலத்தை நிதி வரும் தேதியை வைத்து முடிவு செய்யாமல் ஊரின் நாட்காட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான். இதே மாவட்டத்தின் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சியை வீடுகளுக்கே கொண்டுபோய்ப் பயன்பெற்ற குடும்பங்களின் நிலையை அங்கேயே பதிவு செய்கிறது. சேவையும் ஆய்வும் ஒரே பாதையில் நடக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

செலவு அதிகம் என்ற கடைசி முணுமுணுப்புக்கு மேலே போட்ட கணக்கே பதில்: முந்நூறு பேருக்கு ஃபோன் செய்து தவறான விடை வாங்குவதைவிட, அறுபது பேரைத் தேடி உண்மைக்கு அருகில் போவது மேல். ஆனால் அந்த அறுபது பேரையும் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர்கள் விட்டுப்போன பிறகு முடிவாவதில்லை; முதல் நாள் சீட்டுப் போடும்போதே முடிவாகிறது. தென்காசி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், அங்கே ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீண்டகாலச் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் வருகையிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் வராவிட்டால் உங்களைத் தேடி வரலாமா? எங்கே வரலாம்? எந்த நேரம் தோதுப்படும்? நீங்கள் இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது? பதில்களை அவருடைய பெயருக்கு நேரே எழுதி வையுங்கள். "வரக்கூடாது" என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள்.